ஐரோப்பாவில் தேசியவாதம்: கேட்டவற்றுக்குப் பதில்கள்

கேள்வி: ஐயா, ஒரே மொழி பேசிய மக்கள் ஒன்றுசேர்ந்ததால்தான் பிரான்ஸும் இத்தாலியும் உருவாயின என்று படித்தேன். சரிதானே?

பதில்: பெரும்பாலும் தலைகீழ். 1794இல் கிரெகுவார் பாதிரியார் பிரெஞ்சுப் புரட்சி மன்றத்தில் ஓர் அறிக்கை வைத்தார். ஏறத்தாழ 2.8 கோடி மக்கள் வாழ்ந்த நாட்டில் பிரெஞ்சு சரளமாகப் பேசியவர்கள் 30 லட்சம் பேர்தான் என்பது அவர் கணக்கு. மற்றவர்களில் பலர் வீட்டில் பேசியது பிரெட்டன், ஆக்சிடன், பாஸ்க் என்று வேறு மொழிகள். அரசு முதலில் வந்தது. மொழியைப் பள்ளிக்கூடம் பிறகு ஊட்டியது. பிரிட்டனி வட்டாரப் பள்ளிகளில் பிரெட்டனில் வாய்திறந்த சிறுவனின் கழுத்தில் ஒரு மரச்செருப்பைக் கட்டித் தொங்கவிடுவார்கள். அடுத்து எவன் பிரெட்டன் பேசுகிறானோ அவன் கழுத்துக்கு அது மாறும். மாலையில் யாரிடம் இருக்கிறதோ அவனுக்குத் தண்டனை. பிள்ளைகளையே ஒற்றர்களாக்கிய ஏற்பாடு! இத்தாலியின் முதல் மன்னர் விக்டர் இம்மானுவேலுக்கும் பழகிய மொழிகள் பிரெஞ்சும் பீட்மாண்ட் வட்டார மொழியும்தான். வடமேற்கு இத்தாலியின் பீட்மாண்ட்-சார்டினியா அரசில் அவர் 'இரண்டாம்' விக்டர் இம்மானுவேல்; 1861இல் புதிய நாட்டுக்கு முடிசூடியும் அந்தப் பழைய எண்ணை அவர் விடவில்லை.

கேள்வி: கரிபால்டியா, கவூரா? இத்தாலியை ஒன்றாக்கியவர் யார்?

பதில்: வாளெடுத்தவர் புரட்சிப் படைத்தலைவர் கரிபால்டி, கணக்குப் போட்டவர் பீட்மாண்ட் அரசின் பிரதமர் கவூர். 1860 மே மாதம் சுமார் ஆயிரம் செஞ்சட்டைத் தொண்டர் படையினருடன் சிசிலியின் மர்சாலாவில் இறங்கினார் கரிபால்டி. செப்டம்பரில் நேப்பிள்ஸ் அவர் கையில். அக்டோபரில் தெயானோவுக்கு அருகே மன்னர் விக்டர் இம்மானுவேலைச் சந்தித்து, வென்றதையெல்லாம் ஒப்படைத்துவிட்டார். அதே ஆண்டில் கரிபால்டி பிறந்த நீஸ் நகரை பிரான்ஸுக்குத் தாரை வார்த்திருந்தார் கவூர். என் மனம் கரிபால்டி பக்கம்தான். ஆனால் கவூர் இல்லாமல் கதை நடந்திருக்காது.

கேள்வி: எம்ஸ் தந்தியை பிஸ்மார்க் திருத்தியது மோசடிதானே?

பதில்: ஜெர்மன் அரசுகளில் பெரியதான பிரஷ்யாவின் பிரதமர் பிஸ்மார்க். எம்ஸ் ஊரிலிருந்து தன் மன்னர் சார்பில் வந்த தந்தியைச் சுருக்கிப் பத்திரிகைகளுக்குக் கொடுத்தார். ஒரு பொய்யையும் அவர் சேர்க்கவில்லை, வெட்டினார். ஸ்பெயின் அரியணைக்கு உங்கள் குடும்பத்தார் இனி ஒருபோதும் போட்டியிடக் கூடாது என்று உறுதிமொழி கேட்ட பிரெஞ்சுத் தூதருக்கு பிரஷ்ய மன்னர் நாகரிகமாக மறுப்புச் சொன்னார். அந்த நாகரிகம் வெட்டுப்பட்டதும், தூதரை வாசலோடு துரத்திய தொனி வந்துவிட்டது. 1870 ஜூலை 19 அன்று பிரான்ஸ் போர் அறிவித்தது. பிஸ்மார்க்குக்கு வேண்டியதும் அதுதான். 1866இல் பிரஷ்யாவை எதிர்த்துப் போரிட்ட தென் ஜெர்மன் அரசான பவேரியாவே இப்போது அதன் பக்கம் நின்றது. 1871 ஜனவரி 18 அன்று வெர்சாய் கண்ணாடி மண்டபத்தில் ஜெர்மன் பேரரசு பிரகடனமானது, அதுவும் தோற்றவனின் அரண்மனையில்.

கேள்வி: விடுதலை பெற்ற கிரீஸின் முதல் மன்னர் கிரேக்கரா?

பதில்: இல்லை. வல்லரசுகள் தேர்ந்தெடுத்து அனுப்பிய பவேரிய இளவரசர் ஓட்டோ. 1833இல் வந்திறங்கியபோது வயது 17.

கேள்வி: ஒடுக்கப்பட்ட இனங்களின் தேசியவாதம் நல்லது, ஆதிக்க இனத்தின் தேசியவாதம் கெட்டது என்று பிரிக்கலாமா?

பதில்: ஹங்கேரியைப் பாருங்கள். 1848இல் ஹங்கேரியர்கள் தங்களை ஆண்ட ஆஸ்திரியாவை எதிர்த்துக் கிளர்ந்தார்கள். ரஷ்யப் படையும் சேர்ந்து வந்து அடக்கியது. 1867 உடன்பாட்டில் தன்னாட்சி கிடைத்தது. அதன்பின் தங்கள் ஆட்சிக்குட்பட்ட ஸ்லோவாக்கியர்களின் மூன்று உயர்நிலைப் பள்ளிகளை 1874இல் மூடினார்கள். அடுத்த ஆண்டு அவர்களின் பண்பாட்டு அமைப்பான மாட்டிட்சாவும் மூடப்பட்டது. எந்தப் பெட்டியில் போடுவது என்று நீங்களே சொல்லுங்கள்.