கல்வியியல் ஆய்வுக் கட்டுரைகளை நூலகத் தரவுத்தளத்தில் எப்படித் தேடுவது?

நூலகத் தரவுத்தளத்தில் தேடினால் ஆயிரக்கணக்கில் கொட்டுகிறது, இல்லாவிட்டால் ஒன்றுமே வருவதில்லை, எங்கே தவறு செய்கிறேன் என்று கேட்டிருக்கிறீர்கள்.

நானும் இதில் நன்றாக அடிபட்டவன்தான். முதுகலை ஆய்வேட்டுக்குத் தலைப்பு முடிவான அன்றே, அந்தத் தலைப்பை அப்படியே, பதினோரு சொற்களையும், தேடல் பெட்டியில் ஒட்டினேன். ஒரு கட்டுரைகூட வரவில்லை. சரி, யாருமே தொடாத விஷயம் நம் கையில் சிக்கியிருக்கிறது என்று இரண்டு நாள் மிதந்துகொண்டிருந்தேன். உண்மையில், அந்தப் பதினோரு சொற்களும் ஒரே பதிவில் சேர்ந்து இருக்கிறதா என்றுதான் அந்தப் பெட்டி பார்த்திருக்கிறது. எங்கிருந்து வரும்?

கல்வியியலுக்கு முதலில் போக வேண்டிய இடம் எரிக் (ERIC) என்ற தரவுத்தளம். அமெரிக்க அரசின் கல்வித் துறை நடத்துவது. 1966 முதலான பதிவுகள் இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் இலவசமாகத் தேடலாம். இதே பதிவுகள் எப்ஸ்கோ, புரோக்வெஸ்ட் என்ற சந்தாத் தேடல் தளங்கள் வழியாகவும் கிடைக்கும். உங்கள் நூலகம் அவற்றுக்குச் சந்தா கட்டியிருந்தால் அதன் வழியாகவே போங்கள், நூலகம் வாங்கியுள்ள முழுக் கட்டுரைகளுக்கு அங்கிருந்தே இணைப்பு வரும்.

இனிதான் முக்கியமான விஷயம். எரிக்கில் சேரும் கட்டுரைகளுக்குப் பொருள் சொற்கள் கொடுக்கிறார்கள். டிஸ்கிரிப்டர் என்பார்கள். அவை ஒரு நிலையான பட்டியலிலிருந்து வருபவை, அந்தப் பட்டியலுக்குத் தெசாரஸ் என்று பெயர். பெற்றோர் வீட்டுப்பாடத்தில் உதவினால் மதிப்பெண் கூடுமா என்று தேடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கட்டுரை எழுதுபவர்களில் பலர் 'பேரன்டல் இன்வால்வ்மென்ட்' என்றுதான் எழுதுவார்கள். எரிக்கின் பட்டியலிலோ அது 'பேரன்ட் பார்ட்டிசிபேஷன்'. மதிப்பெண் என்பது 'அகாடமிக் அச்சீவ்மென்ட்'. நம் மனதில் இருக்கும் சொல்லையே பிடித்துத் தொங்கினால் பாதிக் கட்டுரைகள் கண்ணில் படாமலே போய்விடும்.

இந்தப் பட்டியலை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. உங்கள் தலைப்புக்கு நெருக்கமான ஒரே ஒரு நல்ல கட்டுரையை எப்படியாவது பிடியுங்கள். அதன் பதிவைத் திறந்து, கீழே என்னென்ன டிஸ்கிரிப்டர் போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். அவற்றை எடுத்து மறுபடி தேடுங்கள். எனக்கு ஒரு மாதம் கிடைக்காதது இப்படி ஒரே மாலையில் கிடைத்தது.

தேடல் வரியை அமைக்கும்போது ஒரே பொருளுடைய சொற்களை 'ஆர்' (OR) போட்டு அடைப்புக்குறிக்குள் வையுங்கள், வெவ்வேறு கருத்துகளை 'ஆண்ட்' (AND) போட்டு இணையுங்கள். சேர்ந்தே வர வேண்டிய சொற்களுக்கு இரட்டை மேற்கோள்குறி. எப்ஸ்கோ, புரோக்வெஸ்டில் சொல்லின் வேரை எழுதி நட்சத்திரக் குறி இட்டால் டீச்சர், டீச்சர்ஸ், டீச்சிங் மூன்றும் ஒன்றாக வரும். ஒரு சொல்லை விலக்கும் 'நாட்' (NOT) பக்கம் மட்டும் போகாதீர்கள். உயர்நிலைப் பள்ளி வேண்டாம் என்று நீக்கினால், தொடக்கப் பள்ளியையும் உயர்நிலையையும் ஒப்பிட்ட கட்டுரையும் சேர்ந்தே போய்விடும்.

வடிகட்டிகளில் இரண்டு கண்ணிகள் உண்டு. 'முழு உரை மட்டும்' என்பதில் டிக் போடாதீர்கள். இந்தத் தளத்தில் இல்லாத கட்டுரை நூலகத்தின் இன்னொரு தளத்தில் இருக்கலாம், வேறு நூலகத்திலிருந்து வரவழைத்துத் தரவும் செய்வார்கள். 'பியர் ரிவ்யூ', அதாவது துறை வல்லுநர்கள் சரிபார்த்தவை மட்டும், என்பதில் டிக் போட்டால் பல நல்ல ஆய்வறிக்கைகள் காணாமல் போகும். எரிக்கில் பதிவு எண் ஈஜே (EJ) என்று தொடங்கினால் ஆய்விதழ்க் கட்டுரை. ஈடி (ED) என்றால் அறிக்கை, மாநாட்டுத் தாள் போன்றவை. இவற்றில் நிறைய எரிக்கிலேயே இலவசமாகக் கிடைக்கும். ஆகவே முதலில் டிக் இல்லாமல் ஒரு முறை பாருங்கள்.

அப்புறம், நல்ல கட்டுரை கிடைத்ததும் அதை யார் யார் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று கூகுள் ஸ்காலரில் பாருங்கள். பழைய கட்டுரையிலிருந்து புதியவற்றுக்கு வர இதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரியாது.

இன்னொன்று: எந்தத் தளத்தில், எந்தத் தேதியில், என்ன சொற்களைப் போட்டுத் தேடினீர்கள், எத்தனை வந்தன என்று ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே வாருங்கள். "இந்த நாற்பது கட்டுரைகளை எப்படித் தேர்ந்தெடுத்தாய்?" என்று என் வழிகாட்டி கேட்டபோது பதில் சொல்லத் தெரியாமல், எல்லாவற்றையும் முதலிலிருந்து தேடினேன்.