யாருடைய பிழைப்பைச் சொல்லி?

மதிப்பிற்குரிய ஐயா,

நான் பொதுச் சுகாதாரம் படிக்கும் மாணவி. கொள்கை வகுக்கும்போது தொழில்துறை உட்பட எல்லாத் தரப்பையும் அழைத்துக் கேட்பதே ஜனநாயகம் என்கிறார் எங்கள் பேராசிரியர். புகையிலைக்கும் இது பொருந்துமா? சிகரெட் தயாரிக்கும் ஐடிசி நிறுவனத்தில் அரசின் எல்ஐசி பங்கு வைத்திருக்கையில் அரசு நடுநிலையாக இருக்க முடியுமா?

ஒரு வாசகி

அன்புள்ள மாணவிக்கு,

எல்ஐசி பற்றிய கேள்வியை இப்போதைக்கு விட்டுவிடுகிறேன். அந்தக் கணக்கை எவரும் பார்க்கலாம். முதல் கேள்விதான் சில காலமாக என் மனத்தை அரித்துக்கொண்டிருப்பது.

புகையிலைப் பொட்டலங்களின் இருபுறமும் 85 விழுக்காட்டுப் பரப்பில் படத்துடன் கூடிய எச்சரிக்கை இருக்க வேண்டும் என்று 2014 அக்டோபரில் சுகாதார அமைச்சகம் அறிவித்தது. 2015 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வரவேண்டிய அந்த விதியை நிறுத்திவைக்கச் சொன்ன நாடாளுமன்றக் குழுவில், பீடித் தொழிலதிபரான அன்றைய அலகாபாத் எம்.பி. ஷியாமா சரண் குப்தாவும் உறுப்பினராக இருந்தார். ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகு, முழுதாக ஓராண்டு கழித்தே அது நடைமுறைக்கு வந்தது. புகையிலைக் கொள்கையைத் தொழில்துறையின் நலன்களிடமிருந்து காக்க வேண்டும் என்கிற உலக சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையின் 5.3ஆம் பிரிவை இந்தியா 2004லேயே ஏற்றுக்கொண்டது. அதைப் படிக்காமல் 'எல்லாத் தரப்பும்' என்று எப்படி எழுதுகிறீர்கள்? விளக்கம் கேட்க ஒருவரை அழைப்பது வேறு. முடிவெடுக்கும் குழுவிலேயே அவரை அமர்த்துவது வேறு.

எச்சரிக்கைப் படத்தை எதிர்த்தவர்கள் ஓயாமல் சொன்னது பீடித் தொழிலாளர்களின் பிழைப்பு. என் சித்தி ஆலங்குளத்துப் பக்கம் ஒரு கிராமத்தில் பீடி சுற்றியவர். கடையில் கொடுத்த இலை போதாமல் கைக்காசு போட்டு வாங்கிச் சேர்ப்பார். சுற்றிக் கொண்டுபோனதில் ஒரு பகுதியைக் கழிவென்று ஒதுக்கிக் கூலியைக் குறைப்பார்கள். தூளின் நெடியில் இரவெல்லாம் இருமுவார். அவருக்குக் கூலியை உயர்த்தித் தர மறுத்த தொழில்தான், பொட்டலத்தில் படம் பெரிதாகும்போது அவருடைய பிழைப்பைக் காட்டி வாதாடியது. எந்த விசாரணைக்கும் அவரையோ, அவரோடு திண்ணையில் அமர்ந்து சுற்றிய பெண்களையோ எவரும் அழைத்ததில்லை. அழைத்திருந்தால் படத்தின் அளவைப் பற்றியா பேசியிருப்பார்கள்? வைப்பு நிதி ஏன் கிடைக்கவில்லை, நெஞ்சு வலிக்கு எங்கே போவது, இதை விட்டால் வேறு என்ன வேலை தருவீர்கள் என்றுதான் கேட்டிருப்பார்கள். அதற்குப் பதில் சொல்லும் பொறுப்பு முதலாளிகளுக்கும் உண்டு, அரசுக்கும் உண்டு.

நீங்கள் நல்ல பிள்ளை, கேட்கத் தோன்றியிருக்கிறதே. விடுமுறையில் தென்காசிப் பக்கம் போய் அந்தப் பெண்களிடம் பேசிவிட்டு, உங்கள் பேராசிரியரிடம் இதே கேள்வியை மறுபடியும் கேளுங்கள்.