வாசகர் கேள்வி பதில்: உப்பளத்து உள்ளானைப் பார்க்க எந்த ஸ்கோப்?

கேள்வி: கோடியக்கரையிலும் அதை ஒட்டிய உப்பளங்களிலும் குளிர்காலத்தில் வந்திறங்கும் கரைப்பறவைகளை ஆறு ஆண்டுகளாக 8×42 பைனாகுலரில் பார்த்து வருகிறேன். தொலைவில் மேயும் உள்ளான்களை இனம் பிரிக்க முடியாததால் ஸ்பாட்டிங் ஸ்கோப் (ட்ரைபாட் எனும் முக்காலியில் பொருத்தி, ஒரு கண்ணால் பார்க்கும் தொலைநோக்கி) வாங்க எண்ணியுள்ளேன். 25 முதல் 75 மடங்கு வரை பெருக்கிக் காட்டும் 60 மி.மீ. ஸ்கோப்பும், 20 முதல் 60 மடங்கு வரை காட்டும் 80 மி.மீ. ஸ்கோப்பும் ஏறக்குறைய ஒரே விலையில் கிடைக்கின்றன. நான் மூக்குக்கண்ணாடி அணிபவன். பன்னிரண்டு வயது மகளும் உடன் வருவாள். எதை வாங்கலாம்?
— வாசகர், வேதாரண்யம்

பதில்: தயங்காமல் 80 மி.மீ. ஸ்கோப்பை வாங்குங்கள். 75 என்ற எண் பெட்டியின் மேல் பெரிதாகத் தெரியும்; உப்பளத்தின் கரையில் அது உங்களுக்கு உதவாது. முன்பக்கத்துப் பொருளருகு லென்ஸின் விட்டத்தை (60, 80 மி.மீ. என்பது இதுதான்) உருப்பெருக்கத்தால் வகுத்தால், கண்ணுக்குள் வரும் ஒளிக்கற்றையின் விட்டம் கிடைக்கும். 60 மி.மீ. ஸ்கோப்பை 75 மடங்குக்குத் திருப்பினால் அது வெறும் 0.8 மி.மீ.; காட்சி மங்கி, விளிம்புகள் கரைந்து, பறவை சாம்பல் நிறப் பொட்டாகவே நிற்கும். 80 மி.மீ. ஸ்கோப்பில் 30 மடங்குக்கு 2.7 மி.மீ. கிடைக்கிறது. இரண்டு லென்ஸ்களின் பரப்பையும் ஒப்பிட்டால் பெரியது ஏறத்தாழ 1.8 மடங்கு கூடுதல் ஒளியை வாங்குகிறது. விடியலிலும் அந்தியிலும், அதாவது பறவைகள் மும்முரமாக மேயும் நேரத்தில், இந்த வேறுபாட்டை நீங்கள் கண்கூடாக உணர்வீர்கள்.

நீங்கள் இருக்கும் இடத்துக்கே உரிய இன்னொரு காரணம் கானல். உப்பளத்தின் மீதும் சேற்றுப்பரப்பின் மீதும் வெயில் ஏறத் தொடங்கியதுமே காற்று நெளியத் தொடங்கிவிடும். உருப்பெருக்கத்தைக் கூட்டினால் பறவையோடு சேர்ந்து கானலும் பெரிதாகும். எவ்வளவு விலை உயர்ந்த லென்ஸும் அதைத் தடுக்காது. அனுபவமுள்ளவர்கள் பெரும்பாலான நேரம் 25, 30 மடங்கிலேயே பார்த்துக்கொண்டிருப்பதற்கு இதுவே காரணம். தவிர, 20 மடங்கில் ஆயிரம் மீட்டர் தொலைவில் சுமார் 35 மீட்டர் அகலம் தெரியும் ஸ்கோப்பில், 60 மடங்குக்குப் போனால் அதில் ஏறக்குறைய பாதிதான் தெரியும். கூட்டத்துக்குள் ஓடித் திரியும் சிறு பறவையைத் தேடிப் பிடிப்பதற்குள் அது நகர்ந்துவிடும். முதலில் குறைந்த மடங்கில் தேடிக் கண்டுபிடித்து, பிறகு தேவையான அளவுக்கு மட்டும் கூட்டுவதே முறை.

உங்கள் தேவை சிறிய அடையாளங்களைத் தெளிவாகப் பார்ப்பது. சின்னக் கொசு உள்ளானின் கால் கறுப்பு. டெமிங்க் கொசு உள்ளானின் கால் மஞ்சள் சாயல் கொண்டது. சேறு படிந்த கால் ஏமாற்றும் என்பதால், பறவை தண்ணீரில் நடந்து கால் கழுவப்படும் வரை பொறுமையாகக் காத்திருந்து பார்க்க வேண்டியிருக்கும். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் கோடியக்கரையில் நெடுங்காலமாகப் பறவைகளின் பயணத்தை அறிய அவற்றின் காலில் அடையாள வளையமிட்டு வருவதை அறிந்திருப்பீர்கள். காலில் வண்ணக் கொடி பூட்டிய ஒரு பறவை கண்ணில் பட்டால், அதன் எழுத்துகளைப் பறவையைப் பிடிக்காமலேயே படித்துச் சொல்ல உதவும் கருவி ஸ்கோப்தான். எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது ஒன்று உண்டு. வடக்கே நெடுந்தொலைவு திரும்பிப் பறக்க வேண்டிய இப்பறவைகள் இங்கே தின்று கொழுப்பைச் சேர்த்துக்கொள்கின்றன. நாம் நெருங்கி நெருங்கிப் போய் அவற்றை எழுப்பிவிடும் ஒவ்வொரு முறையும் அந்தச் சேமிப்பிலிருந்துதான் செலவாகிறது. ஸ்கோப் வைத்திருப்பவர் வரப்பிலேயே நின்றுவிடலாம்.

மகளும் பார்க்கப்போவதால், கண் வைக்கும் பகுதி 45 பாகை சாய்ந்திருக்கும் வகையையே பரிந்துரைக்கிறேன். ட்ரைபாடை உங்கள் மகளின் உயரத்துக்குத் தாழ்த்தி வைத்தாலும் நீங்கள் சற்றே குனிந்து பார்த்துவிடலாம். தாழ்ந்து நிற்கும் ட்ரைபாட் கடற்காற்றில் குறைவாக ஆடும். நேர்க்குழல் வகையில் பறவையைக் குறிவைப்பது எளிது, காரின் ஜன்னலிலிருந்து பார்ப்பவருக்கு அது பொருந்தும். மூக்குக்கண்ணாடியோடு பார்க்க, கண்ணருகு லென்ஸிலிருந்து கண்ணுக்கு உள்ள இடைவெளி குறைந்தது 15 மி.மீ. இருக்க வேண்டும், இல்லையெனில் காட்சியின் ஓரங்கள் வெட்டுப்படும். கடையிலேயே மூக்குக்கண்ணாடியைக் கழற்றாமல் பார்த்து உறுதிசெய்யுங்கள். அப்படியே வெளியே வானத்தின் பின்னணியில் தெரியும் கறுப்பு மின்கம்பியைப் பாருங்கள். கம்பியின் ஓரத்தில் ஊதாவோ பச்சையோ கோடாகப் படர்ந்தால் அது நிறப்பிரிகை. வெள்ளைக் கொக்கைப் பார்க்கும்போதும் அது உங்களைத் தொந்தரவு செய்யும். இ.டி. கண்ணாடி என்று குறிப்பிடப்படும் லென்ஸ்களில் இது வெகுவாகக் குறையும்.

ட்ரைபாடில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். உறுதியில்லாத கால்களின் மேல் நிற்கும் உயர்ந்த ஸ்கோப்பைவிட, உறுதியான கால்களின் மேல் நிற்கும் நடுத்தர ஸ்கோப் அதிகம் காட்டும். காற்றடிக்கும் நாளில் நடுத்தண்டை மேலே தூக்காமல், கால்களை அகல விரித்து, தண்டின் அடியில் பையைத் தொங்கவிடுங்கள்.

உட்புறம் நைட்ரஜன் நிரப்பி, நீர் புகாதபடி மூடிய கருவியாகப் பார்த்து வாங்குங்கள். கடலோர ஈரத்தில் லென்ஸின் மேல் பூஞ்சை பிடிக்கும். என் பழைய பைனாகுலர் ஒன்றை ஒரு மழைக்காலம் முழுவதும் தோலுறையிலேயே விட்டுவைத்ததில், பூஞ்சை லென்ஸின் மேற்பூச்சை அரித்துவிட்டது, துடைத்தும் போகவில்லை. காற்றுப் புகாத டப்பாவில், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைத்திருங்கள்.

கேள்வி: எங்கள் பள்ளியில் வானியல் தொலைநோக்கி ஒன்று இருக்கிறது. அதையே பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்துக்கு எடுத்துச் சென்று மாணவர்களுக்குப் பறவைகளைக் காட்டலாமா?
— ஆசிரியர், சென்னை

பதில்: அது கண்ணாடி ஆடியால் ஆன வகை என்றால் உருவம் தலைகீழாகத் தெரியும்; விண்மீனுக்கு அது பொருட்டல்ல, பறவை பார்க்கும் மாணவருக்குக் குழப்பம். லென்ஸ் வகையாக இருந்தால், உருவத்தை நிமிர்த்தும் முப்பட்டகத்தை இடையில் பொருத்தி ஓரளவு பயன்படுத்தலாம். ஆனால் இவை பெரும்பாலும் தூசிக்கும் ஈரத்துக்கும் ஏற்றவை அல்ல. 2022இல் ராம்சார் தகுதி (உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற அங்கீகாரம்) பெற்ற பள்ளிக்கரணையில் சாலையோரத்திலிருந்தே பூநாரைகளும் கூழைக்கடாக்களும் தெரியும். நான்கைந்து பைனாகுலர்கள் கிடைத்தால் வரிசையில் காத்திருக்காமல் எல்லோரும் பார்த்துவிடுவார்கள். எந்தக் கருவியானாலும், மாணவர் எவரும் அதைச் சூரியனை நோக்கித் திருப்பாதபடி ஒரு பெரியவர் எப்போதும் அதன் அருகிலேயே நிற்க வேண்டும்; ஒரு கணம் பார்த்தாலும் பார்வை நிரந்தரமாகப் பாதிக்கப்படலாம்.

கேள்வி: வேடந்தாங்கலுக்கு ஸ்கோப் தேவையா?
— வாசகி, செங்கல்பட்டு

பதில்: கட்டாயம் இல்லை. ஏரிக்கரையிலிருந்து கூடு கட்டும் மரங்கள் 8×42 பைனாகுலருக்கு எட்டும் தொலைவிலேயே இருக்கின்றன. கூட்டுக்குள் குஞ்சுக்கு இரை ஊட்டுவதை நெடுநேரம் பார்க்க விரும்பினால் மட்டும் ஸ்கோப்பை எடுத்துச் செல்லுங்கள்.