அடிமைச் சட்டம் மூன்று இடங்களில் மூன்று விதமாக இருப்பது ஏன்?

கேள்வி: பழைய ஏற்பாட்டை ஆதியாகமம் முதல் வரிசையாகப் படித்து வருகிறேன். கதைகள் தடையின்றிச் சென்றன. யாத்திராகமம் 21ஆம் அதிகாரத்தில் சட்டங்கள் தொடங்கியதும் நின்றுவிட்டேன். அடிமைத்தனத்திலிருந்து மீண்ட மக்களுக்கு அடிமைகளை வைத்திருப்பதற்கான சட்டம் எதற்கு? இப்பகுதிகளைத் தாண்டிச் செல்லலாமா?

பதில்: தாண்ட வேண்டாம். பலிபீடத்தைப் பற்றிய சில வரிகளைக் கழித்தால், பத்துக் கட்டளைகளை அடுத்து வரும் சட்டத்தொகுப்பு எபிரேய அடிமையை ஏழாம் ஆண்டில் விடுவிக்கும் விதியோடுதான் தொடங்குகிறது. உங்களை உறுத்திய கேள்வி அந்த நூலுக்குள்ளேயே இருக்கிறது என்பதற்கு இந்த வரிசையே சான்று.

இங்கே பேசப்படுவது பெரும்பாலும் கடனுக்கு ஈடான அடிமைத்தனம். 2 இராஜாக்கள் 4ஆம் அதிகாரத்தில், ஒரு விதவை, தன் இரு மகன்களையும் அடிமைகளாக்கக் கடன் கொடுத்தவன் வந்திருப்பதாகத் தீர்க்கதரிசி எலிசாவிடம் முறையிடுவது அதன் வாழ்க்கைச் சித்திரம். அண்டை நாடுகளிலும் இவ்வழக்கம் இருந்தது. பாபிலோனிய மன்னன் ஹம்முராபியின் 117ஆம் சட்டம், கடனுக்காக விற்கப்பட்ட மனைவி மக்கள் மூன்று ஆண்டுகள் உழைத்தபின் நான்காம் ஆண்டில் விடுதலை பெற வேண்டும் என்கிறது. கால அளவில் அது இஸ்ரவேலின் சட்டத்தைவிட இளகியது என்பதையும் நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும்.

இனி யாத்திராகமம் 21:2-11, உபாகமம் 15:12-18, லேவியராகமம் 25:39-55 ஆகிய மூன்றையும் ஒரே தாளில் பக்கம் பக்கமாக எழுதி ஒப்பிடுங்கள். முதலாவதில் ஆண் விடுதலையாகிறான். அடிமையாக விற்கப்பட்ட மகளோ அவ்வாறு போவதில்லை. உபாகமம் பெண்ணையும் சேர்த்துக்கொள்வதோடு, வெறுங்கையாய் அனுப்பாமல் ஆட்டையும் தானியத்தையும் திராட்சை ரசத்தையும் தாராளமாகக் கொடுத்தனுப்பச் சொல்கிறது. அதற்கு அது காட்டும் காரணம், நீயும் எகிப்தில் அடிமையாக இருந்தாய் என்பதே. கதை இங்கே சட்டத்தின் காரணமாகிவிடுகிறது. லேவியராகமமோ, சக இஸ்ரவேலனை அடிமையாக நடத்தவே கூடாது, ஐம்பதாம் ஆண்டாகிய யூபிலி விடுதலை ஆண்டுவரை கூலியாளாகவே வைத்திருக்க வேண்டும் என்கிறது. ஆனால் அதே அதிகாரம் அந்நியரை நிரந்தர அடிமைகளாக வைத்துக்கொள்ள அனுமதிக்கிறது. அந்த வசனங்களை மழுப்பாமல் படியுங்கள்.

இறையியல் திறவுகோல் ஒரு சொல்லில் இருக்கிறது. எபிரேயத்தில் அடிமைக்கும் ஊழியக்காரனுக்கும் ‘எவெத்’ என்ற ஒரே சொல்தான். பார்வோனுக்கு உழைப்பதையும் கடவுளுக்கு ஆராதனை செய்வதையும் அதன் வினைவேரே குறிக்கிறது. தமிழில் இவை வெவ்வேறு சொற்களாகப் பிரிந்துவிடுவதால், ‘அவர்கள் என் ஊழியக்காரர், ஆகவே அவர்களை அடிமைகளாக விற்கக் கூடாது’ என்னும் லேவியராகம வாதத்தின் கூர்மை நமக்கு எளிதில் தென்படுவதில்லை. ஏற்கெனவே ஒருவருக்கு உரிமையானவனை இன்னொருவன் எப்படி விற்க முடியும் என்பதே அந்த வாதம்.

கடைசியாக எரேமியா 34ஐப் படியுங்கள். பாபிலோனியப் படை எருசலேமை நெருக்கியபோது சிதேக்கியா அரசனும் செல்வர்களும் அடிமைகளை விடுவிக்க உடன்படிக்கை செய்தார்கள். படை தற்காலிகமாக விலகியதும் அதே மனிதர்களைத் திரும்பப் பிடித்துக்கொண்டார்கள். எரேமியா அவர்கள்மீது சுமத்தும் குற்றச்சாட்டில் உபாகமத்தின் சொற்கள் அப்படியே எதிரொலிப்பதை, உங்கள் தாளை அருகில் வைத்துக்கொண்டு படித்தால் நீங்களே கண்டுகொள்வீர்கள்.