வட்டமே இல்லாத புழுவெட்டு

கேள்வி: எனக்கு 34 வயது. ஏழு வாரமாக முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது. சடை பாதியாகிவிட்டது. உச்சியில் மட்டுமல்ல, காதோரம், பிடரி என்று எல்லா இடத்திலும். காய்ச்சல், பிரசவம், பட்டினி எதுவும் கிடையாது. ஒரு மருத்துவர் சத்துக்குறைவு என்று இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார். இன்னொருவர் புழுவெட்டாக இருக்கலாம் என்கிறார். புழுவெட்டு என்றால் வட்டமாகச் சொட்டை விழ வேண்டாமா? போதாததற்கு நரை வேறு திடீரென்று கூடிவிட்டது.
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: கடைசி வரியை நீங்கள் சும்மா எழுதியிருப்பீர்கள். எனக்கு அங்கேதான் கண் நின்றது. முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். ஏழு வாரத்தில் நீளமான நரைமுடி முளைத்துவிடாது. புழுவெட்டு பெரும்பாலும் கறுப்பு முடியைப் பிடிக்கும், வெள்ளையை விட்டுவைக்கும். கறுப்பு உதிர உதிர, முன்பே இருந்த வெள்ளை வெளியே தெரிகிறது. இது ஒரு துப்புதான், தீர்ப்பு இல்லை.

புழுவெட்டு தலை முழுக்கப் பரவியும் வரும். அதில் ஒரு வகையை 1987-ல் ரெபோரா என்ற இத்தாலிய மருத்துவர் 'இன்காக்னிட்டா' என்று பெயரிட்டு விவரித்தார். அடையாளம் தெரியாதது என்று பொருள். பொருத்தமான பெயர்தான், பெரும்பாலும் பெண்களுக்கு வரும் இது டெலோஜன் எஃப்ளூவியம் என்கிற சாதாரண முடி உதிர்வு மாதிரியே நடிக்கும். 2002-ல் ஜப்பானிய மருத்துவர்கள் இன்னொரு வகையைப் பதிவு செய்தார்கள். பெண்களுக்குச் சில மாதங்களில் தலை முழுவதும் காலியாகிவிடும். பார்க்கவே பயமாக இருக்கும். ஆனால் பெரும்பாலும் மாதக்கணக்கில் நன்றாகவே திரும்ப முளைக்கும். இரண்டும் ஒன்றுதானா என்ற வாதம் மருத்துவர்களுக்குள் உண்டு. எனக்கு அதில் பெரிய அக்கறை இல்லை. முதலில் இது புழுவெட்டா என்று தெரிய வேண்டும்.

ஏனென்றால் நான் ஒரு முறை கோட்டை விட்டிருக்கிறேன். உங்களைப் போலவே ஒரு பெண், ரத்தத்தில் ஃபெரிட்டின், அதாவது உடலின் இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் அளவு, குறைவு. காரணம் கிடைத்துவிட்டது என்று மாத்திரை எழுதி, மூன்று மாதம் கழித்து வரச் சொன்னேன். ஐந்தாவது வாரமே தலையில் துணி கட்டிக்கொண்டு வந்து நின்றார். ஃபெரிட்டின் குறைவாக இருப்பவருக்குப் புழுவெட்டு வரக்கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லையே! டெர்மோஸ்கோப் என் மேசை டிராயரிலேயே கிடந்தது. முதல் நாளே எடுத்து வைத்துப் பார்த்திருக்க வேண்டும்.

அந்தக் கருவியில் தலைத்தோலை உருப்பெருக்கிப் பார்த்தால் நிறையத் தெரியும். இப்படிப் பரவிய புழுவெட்டு என்றால் பெரும்பாலும் மஞ்சள் புள்ளிகள் எல்லா இடத்திலும் இருக்கும், பிடரி உட்பட. கூடவே சில மில்லிமீட்டரே உள்ள குட்டை முடிகள், சில சமயம் கறுப்புப் புள்ளிகள், அடியில் மெலிந்து ஆச்சரியக்குறி போல் நிற்கும் முடிகள். டெலோஜன் எஃப்ளூவியத்தில் மஞ்சள் புள்ளிகள் இப்படிப் பரவி இருக்காது. காய்ச்சல், பிரசவம் மாதிரி ஏதாவது நடந்து இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் உதிர்வு தொடங்கும். பரம்பரை வழுக்கையோ வருடக்கணக்கில் மெல்ல வரும். வகிடு அகலும், தடித்த முடியும் மெலிந்த முடியும் கலந்து நிற்கும், பிடரி பெரும்பாலும் தப்பிவிடும். உங்களுக்குப் பிடரியிலும் கொட்டுகிறது, அதுவும் ஏழே வாரத்தில்.

பிறகும் சந்தேகம் இருந்தால் தோலில் 4 மில்லிமீட்டர் துண்டு எடுத்து, குறுக்குவெட்டாகச் சோதிக்கலாம். தைராய்டும் பார்ப்பார்கள். சிபிலிஸ் என்கிற பால்வினை நோய்க்கான பரிசோதனையும் எழுதினால் கோபித்துக்கொள்ளாதீர்கள், அந்த நோயும் இதே மாதிரி முடியைக் கொட்ட வைக்கும்.

ஸ்டீராய்டு வேண்டுமா, எந்த வடிவில் என்பதையெல்லாம் உங்களை நேரில் பார்க்காமல் நான் சொல்லக்கூடாது. இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்தவும் வேண்டாம். பரிசோதனைக்குப் போகும் முன் ஓரிரு நாள் தலைக்குக் குளிக்காதீர்கள், முடியை இழுத்துப் பார்க்கும் சோதனை அப்போதுதான் சரியாக வரும். சாயமும் வேண்டாம், அதன் துகள் கறுப்புப் புள்ளி மாதிரி ஏமாற்றும். நகத்தில் ஊசி குத்தியது போல் குழிகள் இருந்தால் அதையும் காட்டுங்கள். அப்புறம், வகிட்டை மட்டும் பார்த்துவிட்டு மருந்துச் சீட்டை எடுத்தால், பிடரியையும் பார்க்கச் சொல்லுங்கள்.