கைப்பிடி வலு 17 கிலோ: கவலைப்பட வேண்டுமா?

கேள்வி: எனக்கு வயது 52. வீட்டு வேலைகளைத் தவிர உடற்பயிற்சி என்று எதுவும் செய்ததில்லை. அண்மையில் ஒரு மருத்துவ முகாமில் கருவி ஒன்றைக் கையால் இறுக்கிப் பிடிக்கச் சொன்னார்கள். 17 கிலோ காட்டியது. உடலில் தசை வலிமையே குறைவு என்றார்கள். கையை அளந்து உடல் முழுவதையும் பற்றிச் சொல்ல முடியுமா? பந்தை அழுத்திப் பயிற்சி செய்தால் போதுமா?

பதில்: ஓரளவு சொல்ல முடியும். வயது, உழைப்புக் குறைவு, புரதம் போதாத உணவு, நாள்பட்ட நோய் ஆகியவை எந்த ஒரு தசையையும் தனியாகத் தாக்குவதில்லை என்பதால், பிடி தளர்ந்தவர்களுக்குத் தொடையும் தோளும் தளர்ந்திருப்பதையே பெரும்பாலும் காண்கிறோம். இந்தியா உட்பட 17 நாடுகளில் சுமார் 1,40,000 பேரிடம் நடத்தப்பட்டு 2015-இல் வெளியான ஆய்வில், பிடிவலுவில் ஒவ்வொரு 5 கிலோ குறைவுக்கும் இறப்பு அபாயம் 16 சதவீதம் கூடுதலாக இருந்தது. கை தளர்வதால் உயிருக்கு ஆபத்து என்று இதற்குப் பொருளல்ல. இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்பது மட்டுமே பொருள்.

ஆசியர்களுக்கென 2019-இல் வகுக்கப்பட்ட அளவுகோலின்படி, பெண்களுக்கு 18 கிலோவுக்குக் கீழே இருந்தால் அது குறைவு. உங்கள் அளவு அதற்கு ஒரு கிலோதான் கீழே இருக்கிறது. அளந்த முறை சற்றே பிசகினாலும் இந்த வித்தியாசம் வந்துவிடும். நாற்காலியில் உட்கார்ந்து, முழங்கையை உடலோடு ஒட்டிச் செங்கோணமாக மடக்கி, மூச்சை அடக்காமல், சில விநாடிகள் முழு வலுவுடன் பிடிக்க வேண்டும். இரண்டு மூன்று முறை அளந்து, அவற்றுள் அதிகமானதைக் குறித்துக்கொள்ள வேண்டும். கட்டைவிரல் வலி, விரல் மரத்துப்போதல், மூட்டுவாதம் போன்றவை இருந்தால், உடம்பில் வலு இருந்தும் அளவு குறைவாகவே காட்டும்.

இதற்கு நேர்மாறான நிலையைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன். தினமும் துணி பிழிந்து, மாவு பிசையும் பெண்ணுக்குக் கையில் நல்ல வலு இருக்கும்; அவரே தரையிலிருந்து எழும்போது சுவரைப் பிடிப்பார். அவருடைய கால்களின் தளர்ச்சி அந்தக் கருவியில் தெரியாது. ஆகவே இன்றே வீட்டில் இதைச் செய்து பாருங்கள். சுவரோரம் நகராத நாற்காலியைப் போட்டு, கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, ஐந்து முறை முழுமையாக எழுந்து உட்காருங்கள். 12 விநாடி அல்லது அதற்கு மேல் ஆனால், கால்களுக்குப் பயிற்சி தேவை.

பந்தை அழுத்துவதால் முன்கைத் தசைகள் வலுப்பெறலாம், கருவி காட்டும் எண்ணும் கூடலாம். தொடைக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. வாரத்தில் இரண்டு நாளாவது நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவதையும், சுவரில் கைகளை ஊன்றித் தள்ளுவதையும் செய்யுங்கள். அரை வாளித் தண்ணீரைத் தூக்கி நிமிர்ந்து நடந்தால், கைப்பிடியும் தோளும் இடுப்பும் ஒரே சமயத்தில் உழைக்கும். இரத்த அழுத்தமோ முழங்கால் வலியோ இருந்தால் மருத்துவரைக் கேட்டுத் தொடங்குங்கள். பருப்பு, சுண்டல், தயிர், முட்டை, மீன் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று ஒவ்வொரு வேளையும் தட்டில் இருக்கட்டும்; சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவர் சொல்லும் அளவோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

மூன்று மாதம் கழித்து அதே கையை, அதே வகைக் கருவியில் அளந்து பாருங்கள். எண் அசையாமல் இருந்தாலும், நாற்காலிக் கணக்கு 14 விநாடியிலிருந்து 11-க்கு இறங்கியிருந்தால் பயிற்சி பலன் தருகிறது என்று நம்பித் தொடருங்கள்.