வீடு கட்ட நிதி: சிங்கப்பூர் பணம் வாங்கலாமா?

கேள்வி: குடிசையில் வாழும் 3 குடும்பங்களுக்கு வீடு கட்டித்தர எங்கள் ஊர் அறக்கட்டளை நிதி திரட்டுகிறது. சிங்கப்பூரில் இருக்கும் ஊர்க்காரர்கள் பணம் அனுப்பலாமா?

பதில்: அவர்களுடைய பாஸ்போர்ட்டைப் பொறுத்தது. இந்தியக் குடிமகனாக இருப்பவர் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால், அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. பாஸ்போர்ட் நகலை வாங்கிக் கோப்பில் வையுங்கள். சிங்கப்பூர் குடியுரிமை பெற்றவரோ, ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தருவது) வைத்திருந்தாலும் வெளிநாட்டவர்தான். அவர் பணத்தைத் தொட எஃப்சிஆர்ஏ என்னும் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ வேண்டும்; டெல்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் தனிக் கணக்கும் வேண்டும். 'நம்ம ஊர்ப் பையன்தானே' என்று வாங்கிவிட்டுச் சிக்கிக்கொள்வது இங்கேதான்.

உள்ளூர் வசூலில், 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தவருக்கு வரிச்சலுகை கிடைக்காது. காசோலையோ யுபிஐயோ கேளுங்கள். இதற்கெல்லாம் முன்பு, மனை யார் பெயரில் இருக்கிறதென்று பட்டாவைப் பாருங்கள். புறம்போக்கில் கட்டிய வீட்டை இடிக்க வந்தால் நன்கொடையாளருக்கு என்ன பதில் சொல்வீர்கள்?